ஒன்பது முதல் ஐந்து வரை நல்ல கணவன்

இந்தக் குளிர்காலத்தில் ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். மனைவியின் மெசேஜுக்கு இனி உடனுக்குடன் பதில். அதாவது, நான் போடுவதில்லை, பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம் போடும்.

என் மனைவி மாரிட் பகலெல்லாம் ஏதாவது கேட்டு அனுப்புவாள். என் பிழைப்பே புரோகிராம் எழுதுவது. பத்தே வரி தட்டினேன். அவளிடமிருந்து எது வந்தாலும் "சரி கண்ணே, உன் இஷ்டம்" என்று போய்விடும். வார நாட்களில், ஒன்பது முதல் ஐந்து வரை மட்டும். மற்ற நேரத்தில் வீட்டில் இருப்பேன், மாட்டிக்கொள்வேன்.

மூன்று வாரம் சொர்க்கம், வந்த மெசேஜைப் படிப்பதுகூட இல்லை. சனிக்கிழமை காலை ஏரிக்குப் போனேன். உறைந்த ஏரியின்மேல் நிற்கும் என் மீன்பிடிக் குடில்தான் எனக்கு உயிர். நானே ஆணி அடித்துக் கட்டியது. அமெரிக்காவின் மினசோட்டா முழுவதிலும் என்னை யாரும் கேள்வி கேட்காத ஒரே இடம். போய்ப் பார்த்தால் தூண்டில் விடப் பனிக்கட்டியில் போட்ட துளை இருக்கிறது, குடிலைக் காணோம். வீட்டுக்கு ஓடினேன்.

"மாரிட்! குடில எவனோ இழுத்துட்டுப் போயிட்டான்!"

"எவனோ இல்ல, என் தம்பி டெரெக்."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"உன்னத்தான். செவ்வாக்கிழம, பதினோரு மணி." போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சரி கண்ணேன்னு போட்டிருக்கே?"

"ஐயோ, அது நான் இல்ல! புரோகிராம்!"

"தெரியுமே. திங்கக்கிழம ஆனா ஐயா வாயத் தொறக்கறதில்ல. சனிக்கிழம சோஃபாவுல குறட்ட விட்டுக்கிட்டே கண்ணேங்கறாரு. மொத வாரமே புரிஞ்சுபோச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். கிழமைகளை எண்ணும்போது பைத்தானுக்குத் திங்கள் என்றால் பூஜ்யம், செவ்வாய்தான் ஒன்று. நான் ஒன்று முதல் ஐந்து என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். செவ்வாயில் ஆரம்பித்துச் சனி வரை ஓடியிருக்கிறது. இருபது வருஷ அனுபவமாம், வெட்கக்கேடு!

"தெரிஞ்சுமா கேட்ட?"

"தெரிஞ்சதாலதான் கேட்டேன். உன்னக் கேட்டா குடுத்திருப்பியா?"

அழுகையே வந்துவிட்டது. "இப்பவே அத நிறுத்தறேன் பாரு!"

"இருப்பா, இன்னிக்கு சனிக்கிழமதானே? மணி பத்தரைதானே ஆச்சு? ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கறேன்" என்று போனை எடுத்தாள்.

கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தேன். நான் அதை நிறுத்துவதற்குள், பனி உருகும் வரை அவள் அம்மா எங்களோடு தங்குவதற்கு மனமாரச் சம்மதித்திருந்தேன்.