கண்ணாடிக்காரரின் ஒரே கத்தி

இனிமேல் இடுப்பில் கத்தி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குக் கத்தி எதற்கு என்று நாம் கேட்கலாம். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நடந்தது இவ்வளவுதான். கடைக்கு ஒரு பார்சல் வந்தது. அதன் டேப்பை நகத்தால் கிள்ளிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், சாவியால் குத்திப் பார்த்தார். அது அசையவில்லை. கண் பரிசோதனைக்காகக் காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார். பெல்ட்டிலிருந்து விரல் நீளக் கத்தி ஒன்றை உருவி, சர்ரென்று ஓர் இழுப்பு இழுத்தார். பார்சல் வாயைப் பிளந்தது. அவர் பாட்டுக்குப் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார். எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையில் மூன்றாவது வரியைக்கூடப் படிக்கத் தெரியாத கண் அவருக்கு!

ஐம்பது வருஷமாக எதையும் வெட்டாமலே வாழ்க்கை வெட்டியாகப் போய்விட்டதே என்று கண்ணாடிக்காரருக்கு அந்த நிமிஷம் உறைத்தது.

அடுத்த இரண்டு வாரம் செல்போனில் கத்தி வீடியோதான். தாடி வைத்த ஆசாமிகள், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் நாலு கத்திகளை மேஜையில் பரப்பி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார்கள். கண்ணாடிக்காரர் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பெடுத்தார். மடக்குக் கத்தி ஆகாது, திருகு லூசாகும். பிடியும் அலகும் ஒரே துண்டாக, உறையில் செருகி எடுப்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு.

வீட்டில் விஷயத்தை மெதுவாக எடுத்தார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"கத்தி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்."

"அப்பாடா! நானும் நாலு வருஷமா சொல்றேன். நம்ம அடுப்படிக் கத்தி தக்காளியை வெட்டறதில்ல, தடவிக் குடுக்குது."

"அடுப்படிக்கு இல்லம்மா. இடுப்புல வைக்க."

"இடுப்புலயா? யாரைக் குத்தப் போறீங்க?"

"குத்தறதுக்கு இல்ல. தினசரி உபயோகம். பார்சல் பிரிக்கலாம், கயிறு அறுக்கலாம்..."

"உங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு பார்சல் வருது. கயிறு வந்து நான் பார்த்ததே இல்ல."

"திடீர்னு ஒரு அவசரம்னா?"

டீச்சர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அவசரத்துக்கு உதவக்கூடிய உருப்படி எதுவும் அங்கே தென்படவில்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டார்.

"சரி, வாங்கிக்குங்க. ஆனா ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. தூண்டில் வாங்கின கதை எனக்கு மறக்கல."

பதினோரு தூண்டில் பரணில் இருந்தது. வீட்டுக்கு மீன் இன்னும் வந்தபாடில்லை.

முதல் கத்தி வந்தது. கறுப்புப் பிடி, கறுப்பு பிளாஸ்டிக் உறை, மூன்று விரற்கடை நீள அலகு. சட்டைக்கு அடியில் அதைச் செருகிக்கொண்டு கண்ணாடிக்காரர் நடந்தபோது நடையே மாறிவிட்டது. பத்து நாள் அந்த நடை நடந்தார். பதினோராம் நாள் குறை தெரிந்தது. பிடியில் மூன்று விரல்தான் உட்கார்ந்தது. சுண்டுவிரல் அனாதையாகத் தொங்கியது. இன்னொரு கம்பெனியில் அதே அளவு, அதே கறுப்பு, பிடி மட்டும் அரை விரல் கூடுதல் நீளம். அது இல்லாமல் மனுஷன் எப்படி வாழ்வான்?

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இடுப்பில் வைத்தால், டீச்சரைப் பொறுத்தவரை வீட்டில் இருப்பது ஒரே கத்தி! 'கண்ணில் மண்ணைத் தூவுவது மற்றவர்களுக்குத்தான் கஷ்டம், நமக்குக் கண்ணே தொழிலாச்சே' என்று அவர் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வந்தது; தைரியம் வந்தபின் மூன்றாவதும் வந்தது. அதற்கு முதுகில், கட்டைவிரல் வழுக்காமல் இருக்க, பல் பல்லாக ஏழு வெட்டு. ஒன்று இடுப்பில், ஒன்று பீரோவில் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள், ஒன்று கடையில், சோதனை லென்ஸ் அடுக்கும் பெட்டியின் அடியில். முறை வைத்து மாற்றிக்கொண்டார். மூன்றும் சேர்ந்து அதுவரை வெட்டியது ஒரு டேப், இரண்டு கடித உறை, கண்ணாடிக்காரரின் கட்டைவிரல்.

ஒருநாள் டீச்சர் அடுப்படியிலிருந்து கை நீட்டினார்.

"அந்தக் கத்தியைக் கொஞ்சம் குடுங்களேன், தக்காளி நறுக்கிட்டுத் தரேன்."

"தக்காளியா! புளிப்பு பட்டா எஃகு கறுத்துடும்."

"அப்ப வெங்காயம்?"

"வாடை ஏறிடும்."

"ரொட்டி?"

"துணுக்கெல்லாம் உறைக்குள்ள போயிடும்மா."

"பின்ன அது எதைத்தான் வெட்டும்?"

"அது வெட்டறதுக்கு இல்ல. தயாரா இருக்கறதுக்கு."

டீச்சர் தக்காளியைத் தடவிக் கொடுக்கப் போய்விட்டார். இருநூறு விடைத்தாளில் எந்த இரண்டு தாள் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் எழுதியது என்று, பெயரைப் பார்க்காமலே சொல்லிவிடுகிறவர் அவர். தாடிக்காரர்களிடம் அவ்வளவு பாடம் கேட்ட கண்ணாடிக்காரர் இந்த ஒரு பாடத்தை மட்டும் மறந்திருந்தார்.

சனிக்கிழமை காலை. அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது டீச்சர் வந்து நின்றார்.

"என்னங்க, பீரோவுல பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒரு கத்தி கிடந்துது."

கத்தி மட்டுமா உறையில் இருந்தது? கண்ணாடிக்காரரும் உறைந்து நின்றார்.

"உங்களுது ஒண்ணே ஒண்ணு, அது உங்க இடுப்புல இருக்கு. அப்ப இது உங்களுது இல்ல. யாரோ கஸ்டமர் கடையில விட்டுட்டுப் போயிருப்பாங்க. கூட்டோட வீட்டுக்கு வந்துடுச்சு, இல்லீங்களா?"

"ஆ... ஆமா. அப்படித்தான் இருக்கும்."

"அதான் நானும் நினைச்சேன். மேல் வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் ஏதோ சுரண்டறதுக்குக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா!"

"ஏன் கத்தறீங்க?"

"கத்தல... கத்தி... அது எப்படி இருந்துது?"

"உங்களுது மாதிரியேதான். எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்?"

"பிடியில சுண்டுவிரல் உட்காருதா?"

"உட்கார வச்சுப் பார்க்கல."

"முதுகுல ஏழு வெட்டு இருந்துதா?"

"ஏழா? கண்ணால பார்க்காத கத்திக்கு எண்ணிக்கைகூடச் சொல்றீங்களே!"

"பொதுவா... பொதுவா ஏழுதான் வைப்பாங்க."

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு வாசலுக்கு ஓடினார். டிரைவிங் ஸ்கூல்காரர் தன் காரின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரைக் கத்தியால் கறக் கறக்கென்று சுரண்டிக்கொண்டிருந்தார். முதுகில் ஏழு வெட்டு. மூன்றிலும் செல்லமான மூன்றாவது!

"கண்ணாடியிலா சார் சுரண்டறீங்க! கூர் போயிடுமே!"

"போனா போகட்டும் சார், ஓசியில வந்ததுதானே. அடுத்து ரேடியேட்டர் மூடியை நெம்பணும்."

கண்ணாடிக்காரருக்கு யாரோ தன் முதுகில் சுரண்டுவது போலிருந்தது.

"இல்ல... இதை விட்டுட்டுப் போன கஸ்டமர் திரும்ப வந்து கேட்டார்னா?"

"டீச்சரம்மா அதையும் சொல்லித்தான் குடுத்தாங்க. யாரும் கேட்டு வர மாட்டாங்களாம். அப்படி வந்தா அந்த ஆளை நேரா அவங்ககிட்டயே அனுப்பிடச் சொன்னாங்க."

நேராக அவரிடமே போனார் கண்ணாடிக்காரர். டீச்சர் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டைப் பிரித்துத் திருத்திக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். போனது போகட்டும், மீதியாவது தப்பித்ததே என்று அவர் மூச்சு விடுவதற்குள் டீச்சர் நிமிராமலே சொன்னார்.

"நாளைக்குத் தம்பி வரான். நம்மகிட்டதான் கூடுதலா ஒண்ணு கிடக்கே, அதை அவனுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

கண்ணாடிக்காரரின் நினைப்பு நேராகக் கடைக்கு ஓடியது. கூடுதலாக ஒன்று! வியாழக்கிழமை இவள் கடைக்கு வந்து கண்ணைச் சோதித்துக்கொண்டாளே. லென்ஸ் பெட்டி அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தானே இருந்தது. மச்சானைப் பற்றி அவருக்குத் தெரியும். அவன் கைக்குப் போன ஸ்குரூடிரைவர் உளியாகித்தான் திரும்பி வரும்.

சிவப்புப் பேனா ஒரு தாளில் பெரிதாக ஒரு தப்பைப் போட்டது. அந்தக் கீறலிலேயே அவர் உடைந்துவிட்டார்.

"தம்பிக்கு மட்டும் வேணாம்மா! நான் எல்லாத்தையும் ஒத்துக்கறேன். மேல் வீட்டுக்குப் போனது கஸ்டமருது இல்ல, என்னுது. அது மூணாவது. இடுப்புல இருக்கறது முதல்ல வாங்கினது. கடையில லென்ஸ் பெட்டிக்கு அடியில இருக்கறது ரெண்டாவது. அதை மட்டும் விட்டுடு. அதுலதான் சுண்டுவிரல் உட்காரும்."

"நாலாவது?"

"சத்தியமா இல்ல. மூணுதான்."

டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"தம்பிக்குக் குடுக்கலாம்னு நான் சொன்னது குடையை. கடையில ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்."