காதுக்குள் கேட்ட பாங்கு

மாத்தளை,
நோன்பு பதினேழு, இரவு.

அன்பும் மரியாதையும் நிறைந்த பஸ்லி நானாவுக்கு,

உங்கள் ஒரே தங்கை மஸீஹா ஸலாம் சொல்லி எழுதுவது. கத்தாரில் உங்கள் உடம்பும் வேலையும் அறைக்கூட்டாளிகளும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன். இங்கே வாப்பா நலம், உம்மா நலம். நானும் சஹர் நேரம் வரைக்கும் நலம். அதற்குப் பிறகு எப்படி இருப்பேன் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உம்மாவின் தலைமாட்டில் இருக்கும் ஃபோனை எடுத்தால் அவர் எழும்பிவிடுவார் என்று பயந்து, விஞ்ஞானக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்துப் போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன். உம்மா விடியுமுன் சஹருக்குச் சோறு சூடாக்கும்போது அவருடைய ஃபோனில் இதைப் படமெடுத்து அனுப்புவேன். அங்கே அப்போது ஒன்றரை மணியாக இருக்கும். தயவு செய்து விழித்திருங்கள்.

போன நோன்பில், நீங்கள் பிளேன் ஏறுவதற்கு முந்தின நாள் மாலை, பின்பக்க ஜன்னலில் ஃபோனை வைத்து வீட்டுச் சத்தத்தை எல்லாம் பதிவு செய்தீர்களே, பிறகு அங்கே போய் எனக்கும் அனுப்பினீர்களே, எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. அதை நான் எத்தனை தரம் கேட்டேன் என்று கணக்கில்லை. நீங்கள் போனபின் மேசையில் உங்கள் கதிரையை யாரும் எடுக்கவில்லை. யாரும் அதில் உட்காரவும் இல்லை. அந்தப் பதிவுக்குள் மட்டும் நீங்கள் அதில் உட்கார்ந்து கதிரையைக் கிறீச்சிட வைக்கிறீர்கள். ஆனால் என்னிடம் இருந்தது பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இயர்ஃபோன். அதில் எல்லாமே டும் டும் என்றுதான் கேட்டது. உம்மா கிணற்றுக்குள் நின்று ஏசுவது போல இருந்தது. ஆகவே நல்ல இயர்ஃபோன் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்து பெருநாள் காசை எடுத்தேன். இன்டர்நெட்டில் ஒரு மாதம் வாசித்தேன். ஒருவர் ஒன்றைக் காட்டி இதில் பேஸ், அதாவது அந்த டும் டும், அதிகம் என்றார். இன்னொருவர் அதே சாமானுக்குப் பேஸ் போதாது என்றார். மூன்றாவது ஆள் இரண்டு பேருக்கும் காதே இல்லை என்றார். வயர் இல்லாததை வாங்கினால் பாதிக் காசு பெட்டரிக்குப் போகிறது, கையில் காசு குறைவென்றால் வயருள்ளதுதான் நல்லது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை.

கடைசியில் தயாபரன் அண்ணனின் ஃபோன் கடைக்குப் போனேன். கோயில் தேருக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டிய மனிதர் என்பதால் சத்தம் என்றால் அவருக்கு உயிர். "என்னா பாட்டு கேப்பீங்க தங்கச்சி?" என்றார். "பாட்டு இல்ல அண்ணே, எங்கட வீடு" என்றேன். அவர் என் ஃபோனை வாங்கி அந்தப் பதிவைக் கொஞ்சம் கேட்டார். பிறகு, "வீட்டுக்குப் பேஸு தேவப்படாதுங்க. நடு சத்தம் சுத்தமா இருக்கணும். மனுசக் குரல் எல்லாம் அங்கதான் இருக்கு" என்று மூன்று ஜோடி எடுத்து வைத்தார். முதலாவதில் உம்மா இஞ்சி இடிப்பது லொறியில் கல் கொட்டுவது போலக் கேட்டது. இரண்டாவதில் கரண்டிச் சத்தம் காதைக் கீறியது. மூன்றாவதுதான் விலையும் குறைவு, சத்தமும் உள்ளது உள்ளபடி. ஆனால் ஒரு பக்கம் கழன்று கழன்று விழுந்தது. "ரப்பர் மூணு சைஸு இருக்கு, சின்னதப் போடுங்க. காத்துப் போகாம அடைக்கணும். அடைச்சிட்டா வெளிய இடி விழுந்தாக்கூட ஒங்களுக்குத் தெரியாது" என்றார். அதை நான் ஒரு நன்மை என்று நினைத்தேன், நானா. வயரைக் காதுக்கு மேலால் சுற்றி பர்தாவுக்குள் விட்டால் யாருக்குமே தெரியாது. அதையும் ஒரு நன்மை என்றுதான் நினைத்தேன்.

இன்றைக்குக் காலையிலிருந்து மழை. இரத்தோட்டையிலிருந்து ஸஜீதா மாமி பிள்ளைகளோடு நோன்பு திறக்க வந்திருந்தார். எங்கள் வாப்பாவைத் தெரியும்தானே, மணிக்கூட்டையும் நம்பமாட்டார், ஃபோனையும் நம்பமாட்டார், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு காதில் விழுந்தால்தான் பேரீச்சம்பழத்தில் கை வைப்பார். தகரத்தில் மழை கொட்டினால் உள்ளே ஒன்றும் கேட்காது. அதனால் பின்கதவில் ஒருவர் நின்று பாங்கைக் கேட்டுச் சொல்ல வேண்டும். முன்பு நீங்கள் நின்ற இடம். இப்போது என்னுடைய வேலை. இன்னும் நிறைய நேரம் இருக்கிறதே என்று சிம் இல்லாத என் பழைய ஃபோனைச் சட்டைப் பையில் வைத்துப் பதிவைப் போட்டேன். அல்லாஹ்வே, அது என்ன தெளிவு! உங்கள் சிரிப்பு இடது பக்கத்தில். "நானா, அங்கயும் பாங்கு கேக்குமா?" என்று நான் கேட்பது வலது பக்கத்தில். அதற்கும் பின்னால், எவ்வளவோ தூரத்தில், நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல். வாப்பா உம்மாவிடம் மெதுவாகச் சொல்கிறார்: "அவன்ட கஞ்சிக்கு மட்டும் மொளகு கொறச்சிப் போடு. நம்மட கடை மொளகு அங்க கெடைக்காது. இப்பவே பழகட்டும்." மிளகுக் கடையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று மூன்று கிழமையாக உங்களோடு முகம் கொடுத்துப் பேசாத வாப்பா, நானா. நான் ரப்பரை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டேன். அப்போது பார்த்து, பள்ளியில் பாங்கு சொல்லும் நம் சாலிஹ் மாமாவின் குரல், இரண்டு காதிலும் நிறைய, "அல்லாஹு அக்பர்" என்று எழுந்தது. நான் பழக்கத்தில் திரும்பி உள்ளே பார்த்து, "பாங்கு செல்லியாச்சி!" என்று கத்திவிட்டேன்.

ஒன்பது பேரும் நோன்பைத் திறந்துவிட்டார்கள்.

கஞ்சிக் கோப்பை பாதியாகும்போது மழை கொஞ்சம் விட்டது. அப்போது இந்த வருடத்துப் பாங்கு கேட்டது. மாமியின் கடைசி மகன் சமோசாவைக் கடித்தபடியே நின்றுவிட்டான். வாப்பா மெதுவாகக் கோப்பையை வைத்தார். "அப்ப முந்திச் செல்லினது என்தா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பாவே பதிலையும் சொன்னார்: "சாலிஹுக்கு வயசாகிட்டு. பிழையா முந்திச் செல்லிட்டு இப்ப திருத்திச் செல்றார்." உம்மா, "எனக்கு ஒண்ணும் கேக்கல்லயே" என்றார். "ஒனக்கு என்னத்தான் கேட்டிச்சி? எனக்கு நல்லாக் கேட்டிச்சி! குரலும் கொஞ்சம் நடுங்கிச்சி" என்றார் மாமி. மாமியின் மூத்த மகனோ, நடுவில் ஒரு தரம் இருமினார் என்றான். இல்லாத பாங்குக்கு இத்தனை சாட்சி! ஒன்பது பேரும் இந்த நோன்பை வேறொரு நாளில் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும் என்ற கவலையைவிட வாப்பாவுக்குக் கோபம்தான் பெரிதாக இருந்தது. மழையால் இரவுத் தொழுகையையும் வீட்டிலேயே தொழுதார். நாளைக்கு விடியற்காலை சுபஹு தொழுததும் பள்ளியில் எழும்பி நின்று எல்லோருக்கும் முன்னால் கேட்கப் போகிறாராம்.

சாலிஹ் மாமாவை உங்களுக்குத் தெரியும். யார் ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்கிறவர். பள்ளி நிர்வாகத்தில் சிலர் ஏற்கனவே அவருக்குப் பதிலாகத் தானாகப் பாங்கு சொல்லும் மெஷின் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாப்பா எழும்பினால் ஒன்று அவருடைய வேலை போகும். இல்லாவிட்டால் ஊரே கேட்காத பாங்கைக் கேட்டவர் என்று வாப்பாவின் மானம் போகும். இரண்டுக்கும் காரணம் நான். என்னால் வாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு தரம் அவருடைய கதவு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். ஆகவே இதைக் கண்டதும் நீங்கள் வாப்பாவுக்கு ஃபோன் கோல் எடுத்து, அந்தப் பாங்கு போன வருடத்துப் பாங்கு என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் அவருக்குப் பாதிக் கோபம் போய்விடும். இயர்ஃபோனை நாளைக்கே தயாபரன் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இனிமேல் என் வாழ்நாளில் காதுக்குள் ஒன்றும் வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் உணவிலும் உறக்கத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அறைக்கூட்டாளிகள் எல்லோருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
பயத்தோடும் துஆவோடும்,
மஸீஹா

பி.கு.: நானா, வாப்பாவுக்குக் கோல் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் அவருக்குக் கேட்காது. இதைப் படமெடுக்கப் போனபோது வாப்பா குசினியில் அடுப்புப் பக்கம் நின்றார். "என்தா தாள்?" என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன். இரண்டு தரம் வாசித்தார். ஏசவில்லை. "எங்க, அந்த சாமான எடு பாப்பம்" என்றார். பெரிய சைஸ் ரப்பரை மாட்டி, பதிவைப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உம்மா சோற்றை வைத்து மூன்று தரம் கூப்பிட்டார். நான் தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டார். சாலிஹ் மாமா நிமிஷம் பிசகாமல் சுபஹுப் பாங்கு சொல்லி முடித்தார். அதற்குப் பிறகுதான் வாப்பா கண்ணைத் திறந்து தேத்தண்ணி கேட்டார். "பாங்கு செல்லியாச்சி, இனி ஒண்ணும் குடிக்க ஏலாது" என்றார் உம்மா. "எப்ப? எனக்குக் கேக்கல்லயே!" என்றார் வாப்பா. உம்மா சிரித்த சிரிப்பில், மழையால் இங்கேயே தங்கிவிட்ட ஸஜீதா மாமியும் எழும்பி வந்துவிட்டார்.

பள்ளியில் முறைப்பாடு கிடையாது. சாலிஹ் மாமாவை இன்றைக்கு எங்கள் வீட்டில் நோன்பு திறக்கக் கூப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாப்பா வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போனார். அவர் இங்கே வந்தால் அங்கே யார் பாங்கு சொல்வது என்று உம்மா கேட்டு முடிப்பதற்குள் படி இறங்கிவிட்டார். மேலே செய்த சத்தியத்தை வெட்டிவிடுங்கள். வரும்போது எனக்கு ஒரு இயர்ஃபோன் கொண்டு வாருங்கள். வயருள்ளது, நடு சத்தம் சுத்தமானது, சின்ன ரப்பர். என்னுடையது வாப்பாவின் சட்டைப் பையில் பள்ளிக்குப் போய்விட்டது.