ஜன்னல் மாமா எழுதிக்கொள்வது

யஸ்த் நகரில் இருக்கும் என் மூத்த சகோதரி பத்ரி அக்காவின் சமூகத்துக்கு, தெஹ்ரானிலிருந்து உங்கள் தம்பி ஹெஷ்மத் பணிந்து எழுதுவது. உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாமல் இருக்கட்டும். அத்தானின் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய இனிப்புப் பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரி எஃபத் தின்றாள், நான் தின்றேன். நம் பரஸ்தூ மட்டும், "தங்கள் அன்புக்கு மிக்க நன்றி, இப்போது பசியில்லை" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். பதினாறு வயது மகள் பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா அக்கா இது? போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள். ஆகவே கடிதம்.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் புத்தகத்தை முதலில் படித்து, ஆகாததை எடுக்கச் சொல்லுகிற வேலை. பரஸ்தூவுக்கு அது தெரியாது. "பாபா காகிதப் பிரிவில் இருக்கிறார்" என்று சின்ன வயதில் சொல்லிவைத்தோம், அப்படியே நின்றுவிட்டது. பொய்யும் இல்லை, காகிதம்தானே. முன்பெல்லாம் நான் சரித்திரம், தத்துவம் என்று மரியாதையான புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இளையோர் நாவல் என்று பைத்தியமாக அலைய ஆரம்பித்ததும், எங்கள் மேலதிகாரி, "ஹெஷ்மத்துக்கு வீட்டில் பொண்ணு இருக்கு, அவருக்குத்தான் இது புரியும்" என்று மொழிபெயர்ப்பு நாவல்களை மூட்டை மூட்டையாக என் மேசையில் கொட்டிவிட்டார். அப்படி வந்ததுதான் 'உப்புக் கோட்டை'. நான்கு பாகம். ரின் என்று ஒரு பெண், காஸ்பர் என்று ஒரு பையன், பேசுகிற நரி ஒன்று. நரியால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மற்ற இரண்டும்தான் உயிரை வாங்கின. முதல் பாகத்தில் இருவரும் சாராயக்கடையில் சந்திக்கிறார்கள். அதைச் சர்பத் கடையாக மாற்றச் சொன்னேன். பிறகு பார்த்தால், அங்கே சர்பத் குடித்த படைவீரர்கள் மேசையை உடைத்துப் பாட்டுப் பாடி மயங்கி விழுகிறார்கள். அது ரொம்பப் புளித்த சர்பத் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். முத்தத்துக்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டேன். இருவரும் நெருங்கும்போது ஒருவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வர வேண்டும். கதை நகர்ந்தது போலவும் இருக்கும், ஒழுக்கமும் கெடாது. இரண்டாம் பாகம் முழுக்கப் பாலைவனத்தில் நடக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இந்தப் புத்தகத்தின் மேல்தான் என் மகள் உயிரையே வைத்தாள் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலைத்துணியைக்கூட மடித்து வைக்காமல் புத்தகத்தோடு சுருண்டுவிடுவாள். பேருந்தில் படிப்பாள், பல் துலக்கிக்கொண்டே படிப்பாள். சாயங்காலம் நான் தேநீரோடு உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து அன்றைய அத்தியாயத்தைச் சொல்லுவாள். நான் அலுவலகத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்த அதே கதை, அவள் வாயால் கேட்டால் எனக்கே அடுத்து என்ன ஆகுமோ என்று இருக்கும். ஆனால் ஜன்னல் வருகிற இடமெல்லாம் சாமியாடுவாள். "பாபா, பாலைவனத்துல ஜன்னல் எங்கேர்ந்து வந்துச்சு? நீயே சொல்லு. நரி தூக்கிட்டு வந்துச்சா?" என்று என்னையே கேட்பாள். நான் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்துவேன். எஃபத் தயிர்க் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அப்புறம்தான் தெரிந்தது, அவளும் அவள் தோழி யல்தாவும் இன்னும் ஊர்ப்பட்ட பிள்ளைகளும் சேர்ந்து இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மூலப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, வெட்டுப்பட்ட வரிகளை எல்லாம் தாங்களே மொழிபெயர்த்துப் போடுகிறார்கள். வெட்டினவருக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் மாமா. "அந்த ஜன்னல் மாமா மட்டும் என் கையில கிடைக்கட்டும் பாபா" என்று என் மகள் என் தட்டிலேயே கறித்துண்டைக் குத்திக்கொண்டு சொல்லுவாள். "பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா" என்றேன் ஒருநாள். "இருந்தா அதுங்க வீட்டை விட்டு ஓடியிருக்கும்" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது நம் ஊர் உபசாரத்தால். வசந்தத்தில் புத்தகச் சந்தை வந்தது. மூன்றாம் பாகத்தில் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்துப் போடுகிறார், கூட வந்தே ஆக வேண்டும் என்று பரஸ்தூ என்னை இழுத்துப்போனாள். ஒரே பெண்பிள்ளைகள் வரிசை, நடுவில் நான் மட்டும் நரைத்த தலையோடு பையைச் சுமந்துகொண்டு. அந்த மொழிபெயர்ப்பாளர் சொகன்வர் இருக்கிறாரே, மூன்று பாகத்துக்கும் என் மேசைக்கு முன்னால் வந்து வரிக்கு வரி மல்லுக்கு நின்றவர். என்னைக் கண்டதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் ஓடியிருக்க வேண்டும்.

"அடடா, ஹெஷ்மத் ஐயா. நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க? இந்த இடமே உங்களோடதாச்சே."

"ஐயோ, நான் உங்க கால் தூசிங்க."

"நான் அந்தத் தூசியோட தூசிங்க. சத்தியமாச் சொல்றேன், இந்தப் புத்தகத்துல பாதி உங்க கை."

"சேச்சே. எல்லாம் உங்க எழுத்து."

"இல்லீங்க ஐயா. அந்த ஜன்னல் சாத்துற இடமெல்லாம் இருக்கே, நான் தலைகீழா நின்னாலும் எனக்கு வராது. என்ன அழகு, என்ன நயம்."

நம்மில் ஒருவர் நம் பொருளை அழகு என்றால், சட்டையோ வீடோ குழந்தையோ, வாய் தானாக என்ன சொல்லும்? பிறந்ததிலிருந்து பழகின வாய். நெஞ்சில் கையை வைத்துக் குனிந்து, "உங்களை விட அது பெருசாங்க? உங்களுக்குத்தான், எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. கூட வந்திருந்த யல்தா கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. பரஸ்தூ என் தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றி வாங்கிக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பிழைத்திருப்பேன் அக்கா. "தங்களுக்குப் பாரமாக இருக்கும், நானே எடுத்து வருகிறேன்" என்றாள்.

அன்று போன 'நீ' இன்னும் திரும்பி வரவில்லை. எல்லாம் 'தாங்கள்'. தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா, தங்கள் உடம்புக்கு என்ன. வீட்டுக்கு வந்த அந்நியனுக்குக் காட்டுகிற அத்தனை மரியாதையையும் எனக்குக் காட்டுகிறாள். ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை. "இத பாரு, நான் நாலு வரி வெட்டினதாலதான் அந்தப் புத்தகம் அச்சுக்கே போச்சு, இல்லேன்னா உனக்கு அட்டைகூடக் கிடைச்சிருக்காது" என்று ஒருநாள் நியாயம் பேசினேன். உண்மைதானே? என்னை விட்டால் அந்த அலுவலகத்தில் நரியைக்கூட வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "தங்கள் தயவு" என்றாள். போன வாரம், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். எதிரில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "காலையில் போனேன். இரண்டாவது வகுப்பில் யல்தா அழுதாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்தேன்."

"யல்தா ஏம்மா அழுதா?"

"அந்தப் பகுதி தங்களுக்கு ஏற்றதல்ல."

சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினாள். ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நடக்கிறது. தோழி கல்யாணமா, பரீட்சையா, காய்ச்சலா, எதைக் கேட்டாலும் நடுவில் ஒரு ஜன்னல். என் மகளுக்கு என்ன சந்தோஷம், என்ன பயம், யாரையாவது பிடித்திருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை எனக்கு. எஃபத்திடம் எல்லாவற்றையும் சொல்லுகிறாள். சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நான் போனால் இரண்டு பேரும் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. "அவனவன் எழுதின புத்தகத்துல உனக்கென்னடா வேலை?" என்பீர்கள். அந்த வேலையில்தான் உங்கள் மகன் கல்யாணத்துக்குத் தங்கவளையல் வாங்கினேன் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன். அது போகட்டும். குடும்பத்தில் மூத்தவர் வந்து உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்தால் எந்த மனஸ்தாபமும் தீரும். நீங்கள் வர வேண்டும். முழங்கால் வலியோடு அத்தான் வர முடியாவிட்டால் விடுமுறைக்கு அவளை அங்கே அழைத்துக்கொள்ளுங்கள். 'உப்புக் கோட்டை' நான்காம் பாகம், அதுதான் கடைசி, இன்னும் எங்களிடம் வரவில்லை. அதற்காகப் பிள்ளைகள் எல்லாரும் தவம் கிடக்கிறார்கள். அவளிடம் சொல்லுங்கள். நம் அப்பா படுத்திருக்கும் மண்மேல் ஆணை, அந்தப் பாகத்தில் ஒரு எழுத்தைத் தொட மாட்டேன். சாராயம் சாராயமாகவே இருக்கட்டும். காஸ்பர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். மேலதிகாரி என்னைப் பாலைவனத்துக்கே மாற்றினாலும் சரி. நான் சொன்னால் "தங்கள் பெருந்தன்மை" என்பாள். நீங்கள் சொன்னால் நம்புவாள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். இறைவன் உங்கள் வாசலில் விருந்தாளி குறையாமலும் உங்கள் கண்ணில் நீர் வராமலும் காக்கட்டும்.

உங்கள் காலடித் தூசி,
ஹெஷ்மத்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று மதியம் நான்காம் பாகம் என் மேசைக்கு வந்துவிட்டது. சாராயம் இல்லை, முத்தம் இல்லை. என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமான புத்தகத்தைப் பார்த்ததில்லை. முடிவில் மட்டும் ரின்னுடைய தகப்பன் மழையில் வந்து நின்று, பெயர் சொல்லிக் கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. அவன் திரும்பிப் போய்விடுகிறான். அதோடு கதை முடிந்தது. விதிப்படி அதில் கைவைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை அக்கா. ஆனாலும், 'திருத்தம் தேவை, மகள் கதவைத் திறக்க வேண்டும்' என்று எழுதி முத்திரை போட்டு அனுப்பிவிட்டேன். பரஸ்தூவிடம் நான் எதையும் தொடவில்லை என்றே சொல்லுங்கள். அவள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் சண்டை போடவாவது என்னிடம் வருவாள் அல்லவா.