மாதாவை மறைக்காத மைக்செட்டு

சாமிகளுக்குள் இடத்தகராறு வந்தால் தீர்த்துவைக்க மூன்று உலகத்திலும் தகுதியான ஒரே ஆள், எங்கள் தூத்துக்குடி மைக்செட்டு அண்ணாச்சிதான். கோர்ட்டு, வக்கீல் எல்லாம் அப்புறம்.

கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவர், பிறகு ஹார்பர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, காருக்குப் பாட்டு செட் மாட்டும் தொழிலுக்கு வந்தார். அவரிடம் ஒரே சட்டம்தான். டேஷ்போர்டில் முதலில் குடிவந்தவரை நகர்த்தக் கூடாது, மறைக்கவும் கூடாது. விளாத்திகுளம் மிளகாய் வியாபாரி ஒருவரின் வேனில் நட்டநடுவே பிள்ளையார் இருந்தார் என்பதற்காக, செட்டைக் கிளட்சுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வியாபாரி கால் கட்டைவிரலால்தான் பாட்டு மாற்றுவார். இன்னொரு காரில் தலையாட்டும் பிளாஸ்டிக் நாய்.

"நாயக்கூடவா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இத்தன வருசமா சரி சரின்னு தலையாட்டிக்கிட்டு வருது. அதப் போயி எந்திரின்னு சொல்ல முடியுமா வே?"

இது தெரிந்தும் நான் அவரிடம் போனேன். அதுவும் என் மாமனாரின் பழைய அம்பாசிடரோடு.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் கார்டில் எழுதி, மீதி இடத்தில் கோலமும் போடலாம். அந்த அம்பாசிடரிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுவார். மூத்த மகளைப் பார்க்க மதுரைக்குக் கிளம்பியபோது, "மாப்ள, தெனமும் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சாவியைத் தந்தார். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. திரும்பி வரும்போது வண்டியில் பெரிய டச் ஸ்கிரீன் செட் இருந்தால், மனுஷன் அசந்துபோய் நம்மிடம் நாலு வார்த்தை பேசமாட்டாரா?

அண்ணாச்சி வண்டிக்குள் தலையை விட்டார். டேஷ்போர்டின் நடுவில் மாதா சொரூபம். வண்டி வாங்கிய அன்றே மாமா ஒட்டியது.

"செட்டு நிமுந்து நின்னா மாதா மறைஞ்சிருவாவ. சினிமாக் கொட்டகையில முன்னால தொப்பி போட்டவன் உக்காந்தா ஒமக்கு எப்பிடி இருக்கும்?"

"கொஞ்சம் ஓரமா நகத்தி..."

"ஒம்ம மாமியாரக் கொஞ்சம் ஓரமா நகத்திப் பாருமேன்."

வண்டியை அவரிடமே விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மறுநாள் மத்தியானம் மாமாவின் போன். "மாப்ள, பஸ் ஏறிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியக் கொண்டாங்க."

கொட்டகைக்கு ஓடினேன். டேஷ்போர்டு இருந்த இடத்தில் வயர்கள் குடல்போலத் தொங்கின. கழற்றிய டேஷ்போர்டு, மாதாவோடு, அண்ணாச்சியின் நாற்காலியில் வீற்றிருந்தது. அண்ணாச்சி நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே நேரத்தில் வியர்த்தது, குளிர்ந்தது, பசித்தது. வண்டி பஞ்சர் என்று சொல்லிவிடலாமா, திருட்டுப்போய்விட்டது என்றால் நம்புவாரா, பேசாமல் நானே திருட்டுப்போய்விட்டால் என்ன என்று வரிசையாக யோசனை சொன்னேன்.

"பேசாம இரும்வே. பஸ்சு இன்னும் எட்டயபுரமே தாண்டிருக்காது" என்று கை கழுவினார் அண்ணாச்சி.

பஸ் வருவதற்குள் டேஷ்போர்டு பழையபடி ஏறிவிட்டது. மாதா அதே இடத்தில். செட்டைத்தான் காணோம். இடது பக்கம் ஆர்.சி. புக் போட்டு வைக்கும் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பாக டச் ஸ்கிரீன்.

"வண்டி ஓடயில மூடியத் தெறந்தா போதும். பிரிட்ஜ் லைட்டு மாதிரி உயிர் வந்துரும்."

"ஓட்டுதவருக்குக் கை எட்டாதே அண்ணாச்சி?"

"ஓட்டுதவரு ரோட்டப் பாக்கட்டும்."

மாமா பஸ்ஸிலிருந்து இறங்கினார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. செட்டைப் பற்றிச் சொல்லும் தைரியம் அந்நேரம் என்னைவிட்டு ஓடி, கொழும்புக்கே கப்பலேறியிருந்தது. மூடியை முழங்காலால் அழுத்திக்கொண்டு ஜெபித்தேன். உப்பு லாரிக்கு வழிவிட்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினோம். மூடி படாரென்று திறந்தது. உள்ளிருந்து, கொடைக்கு மைக் கட்டிய அதே தொண்டை:

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒண்ணு... ரெண்டு..."

அண்ணாச்சி தன் குரலைப் பதிந்து, செட்டைச் சோதித்துப் பார்க்கச் செருகும் பென் டிரைவ். கழற்ற மறந்திருக்கிறார்.

மாமா சடாரென்று பிரேக் போட்டார். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி அலறியது. அவர் பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"உள்ள யாரு, மாப்ள?"

திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா மாதாவின் பாதத்தை ஒரு விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தார். பழைய பசை, இம்மியும் அசையவில்லை.

"அண்ணாச்சி நகத்த மாட்டேன்னுட்டாரு மாமா."

"அப்பிடியா சொன்னாரு?" மாமா கியரைப் போட்டார். "பெறகென்ன, பாட்டப் போடுங்க."

அவருக்குக் கை எட்டாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னையும் ஏற்றிக்கொள்கிறார். "சத்தத்தக் கூட்டுங்க", "இது வேண்டாம், அடுத்தது" என்று தொடங்கிய பேச்சு, இப்போது திருச்செந்தூர் போய்த் திரும்பும்வரை நிற்பதில்லை. சில நாள் நான்தான் தூங்குவதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி கொட்டகையை மூடிவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். பென் டிரைவை அவர் கேட்கவில்லை, நாங்களும் கழற்றவில்லை. மூடியைத் திறந்ததும் முதலில் வருவது அவர் குரல்தான்.

"ஹலோ... ஹலோ..."

மாமாவும் நானும் சேர்ந்தே சொல்வோம்: "சொல்லுங்க அண்ணாச்சி."