கறுப்புத் திரையும் ராஜாவின் கொட்டாவியும்

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முதலில் சிங்கம்தான் வரும் என்று உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தக் கதையில் சிங்கம் படமாகத்தான் வரும். அந்தப் படம் வராமல் போனதுதான் கதையே.

கம்ப்யூட்டர் இருந்த இடம் வளை, பொந்து, கூடு பதிவு ஆபீஸ். அங்கே அதிகாரி கோதண்டம் என்கிற கரடி. தினமும் காலையில் வந்து பொத்தானை அழுத்தும். மெஷின் கொஞ்சம் உறுமும். பிறகு திரை முழுக்க ராஜா முகம் வந்து நிற்கும். பிடரி இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரத்தில் முடியும். பல்லுக்குப் பக்கத்தில் 'ஏலம்' என்று ஒரு சின்னப் படம், மீசைக்குக் கீழே 'சான்று' என்று ஒரு சின்னப் படம். கரடி மீசைக்குக் கீழே ஒரு தட்டு தட்டினால் சான்று வரும். அதற்குத் தெரிந்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான். அதை வைத்தே பதவி உயர்வும் வாங்கிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மெஷின் உறுமியது, படம் வரவில்லை. கறுப்புத் திரை. மேலே வெள்ளை எழுத்தில் சில வரிகள். கீழே ஒரு சின்னக் கோடு, என்ன வேண்டும் சொல்லு என்பது போலக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கரடி ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருந்ததைப் படிக்கவும் இல்லை. 'சிஸ்டம் டவுன்' அட்டையைக் கவுன்டரில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனது.

வரிசையில் முதலில் நின்றது காத்தாயி என்கிற முள்ளம்பன்றி. சந்தையில் கிழங்கு விற்றுப் பிழைப்பு. யானையே வந்து கேட்டாலும் சொன்ன விலையில் இருந்து இறங்காது. இறங்குவது போலக் காட்டி எடையில் எடுத்துக்கொள்ளும். கோபம் வந்தால் முதுகில் முள் எழும்பி நிற்கும். அதற்காகவே ஆபீஸ் சுவரில் 'முள்ளை மடக்கி வைக்கவும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பாறை மேட்டில் தன் கையாலேயே ஒரு வளை தோண்டியிருந்தது காத்தாயி. நகம் போய், முளைத்து, மறுபடி போய்த் தோண்டிய வளை. உள்ளே ரெண்டு குட்டி.

போன மழைக்குக் காட்டில் ஒரு புதுச் சட்டம் முளைத்தது. சான்று வாங்காத வளையெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடித்ததும் ஏலம். காத்தாயி வளைமேல் உடையப்பன் கண் வைத்திருந்தது. உடையப்பன் காட்டுப்பன்றி, கான்ட்ராக்டர். சேற்றில் புரள்கிறவனுக்குப் பாறை மேட்டில் என்ன வேலை என்று கேட்டால், அங்கிருந்து பார்த்தால் குளம் தெரிகிறதாம், ரிசார்ட் கட்டப் போகிறதாம்.

காத்தாயி போன மாசமே மனு கொடுத்துவிட்டது. அது கம்ப்யூட்டரில் ஏறியும் ஆகிவிட்டது. பாக்கி இருந்தது மீசைக்குக் கீழே ஒரு தட்டு.

செவ்வாய்க்கிழமை அது போட்ட சத்தத்தில் கரடி தலைமை ஆபீசுக்குப் போன் அடித்தது. அங்கே உதவி மையத்தில் கிளி. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று கொஞ்ச நேரம் பாடிவிட்டு, அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றது. கரடி அணைத்துப் போட்டது. கறுப்பு. சொன்னது. அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றது கிளி. அடுத்த தடவை கரடி அணைக்காமலே அணைத்துவிட்டேன் என்று பொய் சொன்னது. அதற்கும் அதே பதில். கடைசியில் இந்தச் சேவைக்கு எத்தனை நெல்மணி தருவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கிளி வைத்துவிட்டது.

புதன்கிழமை மெக்கானிக் மரங்கொத்தி வந்தது. மரங்கொத்திக்குத் தெரிந்தது ஒன்றுதான், கொத்தியது. இந்தப் பக்கம் கொத்தி, அந்தப் பக்கம் கொத்தி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே புழு ஒன்றும் இல்லை, ஆகவே மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு சொன்னது. புதுசு வாங்க டெண்டர் விட வேண்டும். டெண்டருக்கு விளம்பரம் கொடுக்க வேண்டும். விளம்பரம் அடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டும்.

அதற்குள் கரடிக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. சான்று போனால் போகிறது, ராஜா முகம் அல்லவா இருட்டாகிக் கிடக்கிறது. யாராவது போட்டுக் கொடுத்தால் வேலை போகும், தோலும் போகும். அன்று சாயங்காலமே சுவரில் இருந்த ராஜா போட்டோவைக் கழற்றி, திரைமேல் கயிறு போட்டுக் கட்டியது. சும்மா விட்டால் மரியாதையாக இருக்காதே என்று செம்பருத்தி மாலை போட்டது. நெற்றியில் பொட்டு வைத்தது. பக்கத்தில் ஒரு விளக்கும் ஏற்றியது.

வியாழக்கிழமை காலை உள்ளே வந்த வரிசை அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. காடு முழுக்கச் சேதி பரவியது. கழுகுகள் வாசலில் வந்து இறங்கி, எப்ப எடுக்கிறாங்க என்று விசாரித்தன. மான்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றன. அழுகையா வேறு ஏதாவதா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. உடையப்பன் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஃபிளெக்ஸ் கட்டியது. அதில் ராஜா படம் உள்ளங்கை அளவு, உடையப்பன் படம் ஆள் உயரம்.

மத்தியானம் மலை மேலிருந்து ராஜா பசியில் ஒரு கர்ஜனை விட்டது. எல்லாரும் எழுந்து பின்பக்கம் தட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். உடையப்பன் ஃபிளெக்ஸில் கண்ணீர் அஞ்சலி இருந்த இடத்தில் மட்டும் பிறந்தநாள் வாழ்த்து என்று ஒட்டியது. மற்றதெல்லாம் அப்படியே பொருந்தியது.

"ராஜா இருக்கட்டும், இல்லாம போகட்டும்," என்றது காத்தாயி. "எனக்கு என் சான்று வேணும். நாளைக்குச் சாயங்காலம் ஏலம்யா."

கரடி அட்டையைக் காட்டியது.

இனி இவனை நம்பினால் குட்டிகளோடு தெருவில்தான் என்று புரிந்துகொண்டு, காத்தாயி பக்கத்துக் காட்டுக்கு நடந்தது. அங்கே அத்திமரத்தில் ஒரு வௌவால், இந்த மெஷின் சமாச்சாரம் தெரிந்தது. ஒரு தோப்புக் கொய்யாவில் ஆரம்பித்தது வௌவால். காத்தாயி திரும்பி நடப்பது போல நடந்து, பாதி வழியில் நின்று, வேலை முடிந்தால் மட்டும் ஒரு கூடை, அதுவும் அடிபட்ட பழம், என்று முடித்தது.

வெள்ளிக்கிழமை வௌவால் வந்து ஆபீஸ் ஃபேனில் தலைகீழாகத் தொங்கியது. போட்டோவைக் கழற்று என்றது. திரையைத் தலைகீழாகத் திருப்பு என்றது. கரடி கும்பிட்டுக் கழற்றியது, முனகிக்கொண்டே திருப்பியது.

"மெஷினுக்கு ஒன்னும் இல்ல," என்றது வௌவால். "மேல எழுதியிருக்கே, இடம் இல்லைன்னு. உள்ள வயிறு முட்ட அடைச்சு வச்சிருக்கீங்க. படம் வந்து உட்கார எடம் வேணாமா?"

எப்போதிருந்து எழுதியிருக்கிறது என்று காத்தாயி கேட்டது. திங்கட்கிழமையிலிருந்து என்றது வௌவால். காத்தாயி மெதுவாகக் கரடி பக்கம் திரும்பியது.

"படம் வந்ததும் படிச்சுக்கலாம்னு இருந்தேன்," என்றது கரடி.

வௌவால் பாஸ்வேர்டு கேட்டது. ராஜா வாழ்க என்று கரடி அதன் காதில் சொன்னது. ரகசியமாகச் சொல்லியிருக்கவே வேண்டாம், காட்டில் எல்லா ஆபீசுக்கும் அதுதான். வௌவால் தொங்கியபடியே தட்டியது. கறுப்பில் வரி வரியாகப் பதில் வந்தது. காத்தாயி அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, படம் எதுக்கு? இந்தக் கறுப்புலயே என் சான்றை எடுக்க முடியுமா?" என்றது.

"ஏன் முடியாது? படம் கண்ணுக்குத்தான்க்கா. வேலை பூரா இதுக்குள்ளதான்."

ரெண்டு வரி தட்டியது. பிரிண்டர் கரகரத்தது. சான்று வெளியே வந்து விழுந்தது. பாறை மேடு, காத்தாயி, ஒரு வளை. காத்தாயி அதை ஊதி ஆற்றி, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கையெழுத்துக்கு நீட்டியது.

கரடி பேனாவை எடுத்தது. கறுப்புத் திரையைப் பார்த்தது. பேனாவை மூடியது.

"ராஜா முகம் தெரியாத நேரத்துல கொடுத்த சான்று செல்லாதும்மா. நாளைக்கு யாராவது கேட்டா நான் யாரைக் காட்டுறது?"

காத்தாயியின் முதுகில் முள் எழும்பியது. வரிசை இரண்டடி பின்னால் போனது. கரடி சுவரில் எழுதியிருந்ததைக் காட்டியது. காத்தாயி முள்ளை மடக்கிக்கொண்டது. சந்தையில் கற்றது: சரக்கு எதிராளி கையில் இருக்கும்போது அடிக்கக் கூடாது.

சரி, இடம் பண்ணுவோம் என்றது வௌவால். உள்ளே என்னதான் அடைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். முக்கால்வாசி ராஜா படம். ராஜா குளம் திறக்கிறது. அதே குளத்தை மறுபடி திறக்கிறது. ராஜா நடக்கிறது, ராஜா உட்கார்கிறது. மலை உச்சியில் ராஜா கொட்டாவி விடுகிற படம் மட்டும் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதில் இருந்து மூடுவதுவரை ஒரு பெரிய கட்டு. மிச்சம் இருந்த கால்வாசி ஜனங்களின் மனு.

ஒரு கொட்டாவியை அழித்தால் போதும் என்று காத்தாயி பேரத்தை ஆரம்பித்தது. பாதி கொட்டாவி. வாய் மூடியிருக்கிற ஒன்றே ஒன்று.

"எந்தக் கொட்டாவி ராஜாவுக்குப் பிடிச்சதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றது கரடி. "அதைத் தொட்டா என்னைத் தொட்டுருவாங்க."

அப்படியானால் பழைய மனுக்களை அழிக்கலாமா என்று வௌவால் கேட்டது. தள்ளுபடி ஆன மனுக்கள் மலைபோல் கிடந்தன. கரடி பதறிப்போய்விட்டது. தள்ளுபடி செய்தது அரசாங்க வேலை, முத்திரை விழுந்த ஆவணம், காலத்துக்கும் காக்க வேண்டியது.

"அப்ப எதைத்தான்யா அழிக்கிறது?"

"நிலுவையில இருக்கிறதை அழி," என்றது கரடி. "அது இன்னும் ஒன்னுமே ஆகலையே. ஒன்னுமே ஆகாததை அழிச்சா ஒன்னும் ஆகாது."

வரிசையில் மான் ஒன்று தன் தண்ணீர்த் துறை மனு என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காத்தாயி கையில் சான்று இருந்தது. அச்சடித்து வந்துவிட்டதே, நம்முடையது முடிந்த கணக்கு என்று அது நினைத்துவிட்டது. மான் பேசி முடிக்க விடவில்லை.

"எதையாவது அழிச்சுத் தொலைங்க. படம் வரட்டும்."

வௌவால் ஒரு வரி தட்டியது. மெஷின் பெருமூச்சு விட்டது. திரையில் பிடரி வந்தது, கண் வந்தது, மீசை வந்தது, தலைகீழாக. கரடி ஓடிப்போய்த் திரையை நேராக நிமிர்த்தி, தரையில் விழுந்து கும்பிட்டது. வரிசை கை தட்டியது. என்னத்துக்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் மானும் தட்டியது.

காத்தாயி சான்றை மேஜையில் வைத்தது. கரடி பேனாவைத் திறந்து, முறைப்படி மீசைக்குக் கீழே ஒரு தட்டு தட்டியது. மறுபடி தட்டியது. முகத்தைச் சொறிந்துகொண்டது.

"இந்த நம்பர்ல மனுவே இல்லையேம்மா."

"இப்ப இந்த மெஷின்ல இருந்து வந்த காகிதம்யா இது."

"காகிதம் இருக்கு. மனு இல்லை. கையெழுத்துப் போடாதவரைக்கும் உங்களுதும் நிலுவைதான். மனு இல்லாத சான்று போலி. திங்கட்கிழமை புதுசா எழுதிக் கொடுங்க."

மணி அடித்தது. உடையப்பன் உள்ளே வந்தது, கழுத்தில் முன்கூட்டியே போட்டுக்கொண்ட மாலையோடு, பின்னால் அளக்கிற சங்கிலியோடு. காத்தாயியைப் பார்த்து, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு, தட்டுமுட்டுச் சாமானுக்கு நாளைக்குக் காலைவரை டைம் தர்றேன் என்று பெரிய மனசு பண்ணியது. இந்தத் தடவை காத்தாயியின் முள் மடங்கவில்லை. ஒவ்வொன்றும் விறைத்து நின்றது. வாலைச் சிலுப்பித் திரும்பி, பின்பக்கமாகப் பாய்வதற்குக் கால் ஊன்றிவிட்டது.

"பாறை மேடு, முள்ளம்பன்றி வளை," என்றது உடையப்பன். "ஏலத்தை ஆரம்பிங்க."

கரடி ராஜாவின் பல்லுக்குப் பக்கத்தில் தட்டியது. தேடியது. மூக்கைத் திரையில் ஒட்டிவைத்துத் தேடியது.

"அப்படி ஒரு வளையே இல்லையேங்க."

"யோவ், நேத்து அதுக்குள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு வந்திருக்கேன்."

"நீங்க தலையை விட்டிருக்கலாம். சிஸ்டத்துல இல்லை. ஏலமும் நிலுவையிலதான இருந்தது, அதோட போயிருச்சு போல." கரடி யோசித்து யோசித்துச் சொன்னது. சொல்லச் சொல்ல அதற்கே அது சரியாகப் பட்டது. "சான்று இல்லாத வளைதான் ஏலத்துக்கு வரும். இல்லாத வளைக்குச் சான்று இல்லைன்னு நான் எப்படி எழுதுறது?"

உடையப்பனின் கண் சுழன்றது. மேஜையில் கிடந்த சான்றில் வந்து நின்றது. அதில் பாறை மேடும் இருந்தது, வளையும் இருந்தது. அதைக் காட்டினால் வளை மறுபடி உண்டாகிவிடும்.

சந்தையில் முதல் நாளே எல்லாரும் கத்தக் கற்றுக்கொள்கிறார்கள். எப்போது வாயை மூட வேண்டும் என்பதைச் சிலர்தான் கற்கிறார்கள். காத்தாயி முள்ளை மடக்கியது. ஒரு வாரம் அலைந்து வாங்கிய சான்றை மேஜையிலிருந்து எடுத்து, நாலாய் மடித்து, வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கியது.

"என்ன வளைங்கய்யா?" என்றது.

வீட்டுக்குப் போகிற வழியில் மான் எதிரே நின்றது. அதன் தண்ணீர்த் துறை மனு போனது போனதுதான். காத்தாயி அதன் முகத்தைப் பார்க்கவில்லை. கிழங்கு ஒன்று எடுத்து நீட்டியது. மான் வாங்கவில்லை.

அடுத்த மாசமே சந்தைக் கடைக்கெல்லாம் புது வரி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கடைக்காரர்கள் மனு எழுத உட்கார்ந்தார்கள். காத்தாயி உட்காரவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு மலை அடிவாரத்துக்குப் போய்க் காத்திருந்தது. ராஜா கொட்டாவி விட்டது. அதையெல்லாம் கட்டாக எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து, ராஜா படம்யா, ஏற்றிக்கோங்க என்று பணிவாக நீட்டியது. வேண்டாம் என்று சொல்ல எந்தக் கரடிக்குத் தைரியம் உண்டு? ஏற்றியது. வரி வசூல் தொடங்குவதற்கு முந்தின நாள் திரை கறுத்தது. நிலுவையை அழித்தார்கள். வரியும் நிலுவையில்தான் இருந்தது.

விஷயம் புரிய மற்றவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆனது. மானுக்குத்தான் முதலில் புரிந்தது. அதற்குப் பிறகு காட்டில் யாரும் மனு எழுதுவதில்லை. காலையிலேயே மலை அடிவாரத்தில் கூட்டம் செல்போனோடு நிற்கும். ராஜா திரும்பிப் படுத்தால்கூட ஒரு கட்டுப் படம். வௌவால் அத்திமரத்தைக் காலி செய்துவிட்டு ஆபீஸ் ஃபேனிலேயே குடிவந்துவிட்டது. கொய்யா நல்ல பழமாகவே கிடைக்கிறது.

ராஜாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. குறை என்று ஒரு மனுகூட வரவில்லை, வருவதெல்லாம் என் படம். ஜனங்கள் அன்பைத் தாங்க இந்த மெஷினில் இடம் போதவில்லையாமே என்று உருகி, இதைவிடப் பெரிய மெஷினாக வாங்கிப் போட உத்தரவு போட்டது.

சேதி கேட்ட அன்று காத்தாயி படம் எடுப்பதை விட்டுவிட்டு, வீடியோ எடுக்க ஆரம்பித்தது.

நீதி: குறையைச் சொன்னவனுக்குத் தள்ளுபடிதான் மிச்சம், ஆகவே, மெஷினுக்கு மூச்சு முட்டும்வரை வாழ்த்துங்கள்.