மை படாத கட்டைவிரல்

முதலில் அந்தக் கட்டைவிரலைக் கவனியுங்கள். வலது கை. மற்ற நான்கு விரல்களும், கோழி குஞ்சை அணைத்துக்கொள்கிற மாதிரி, அதை உள்ளே வைத்து மூடியிருக்கும். எலுமிச்சை ஜூஸை இடது கையால்தான் வாங்குவார். கொடி பிடித்தால் கட்டைவிரல் கம்புக்குப் பின்னால் போய்விடும். யாராவது கைகொடுத்தால் கொடுப்பார். கொடுத்த வேகத்திலேயே பறித்துக்கொள்வார். படம் எடுக்கும்போது கூட்டமே கட்டைவிரலை உயர்த்தும், இவர் மட்டும் முஷ்டியை உயர்த்துவார். பார்க்கிறவர்களுக்கு வீரம் மாதிரி இருக்கும். வீரமெல்லாம் இல்லை. அந்த விரலில் மை இல்லை.

இந்த இனத்துக்கு அயல்மாநிலத் தொண்டர் என்று பெயர்.

அமெரிக்காவில், எங்கள் அயோவா மாநிலத்தில், ஆகஸ்ட் மாதம், மக்காச்சோளம் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வந்ததும், கட்சி ஒரு வெள்ளோட்டத் தேர்தல் நடத்தும். ஜனாதிபதியாக ஆசைப்படுகிறவர்கள் மைதானத்தில் ஆளுக்கொரு கூடாரம் போட்டு, பன்றிக்கறியும் பாட்டும் கொடுத்து, நுழைவுச்சீட்டையும் தாங்களே வாங்கிக் கொடுத்து, ஓட்டுக் கேட்பார்கள். அந்த ஓட்டால் ஒருவரும் ஒன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஆனால் முதல் மூன்று இடத்துக்குள் வராதவர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்; நன்கொடை தருகிறவர்கள் மறுநாளிலிருந்து அவர் போனை எடுக்கமாட்டார்கள். அயோவாவில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. போட்டவர் இன்னொரு தடவை வரிசையில் நிற்காமல் இருக்க, கட்டைவிரலை ஊதா மையில் முக்கி அனுப்புவோம். ஓட்டுச்சாவடி வாசலில் மைக்கிண்ணம் என் பொறுப்பு. யாரோடும் பேசவேண்டாத வேலை எது என்று கேட்டு, நானே வாங்கிக்கொண்டது.

ஓட்டே இல்லாதவர் எதற்காக வருகிறார் என்கிறீர்களா? கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் தாலி கட்டவா வருகிறார்கள்?

அவர் வருவார். இரவெல்லாம் பஸ்ஸில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கழுத்து ஒரு பக்கமாகச் சுளுக்கிக்கொண்டு வருவார். மாநில எல்லையில் பெட்ரோல் பங்கில், எங்கள் விவசாயிகள் போடுகிற விதைக் கம்பெனி தொப்பி ஒன்று வாங்கி, மடிப்புக்கூடக் கலையாமல் தலையில் வைத்துக்கொள்வார். இறங்கிய அரைமணி நேரத்தில் ‘உங்க ஊர்’ என்பது ‘நம்ம ஊர்’ ஆகிவிடும். “நம்ம பக்கம் இந்த வருஷம் மழை எப்படி?” என்று நம்மையே கேட்பார். சாலையோரத்து சோயா வயலைப் பார்த்து, “வேர்க்கடலை அருமையா வந்திருக்கே!” என்று கண்கலங்குவார். தன் தலைவரைப் பற்றித் தலைவருக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். மேடையில் தலைவர் ஒரு புள்ளிவிவரத்தைத் தவறாகச் சொன்னால், கீழே இவர் உதடு சரியாகச் சொல்லும்.

இந்த இனத்துக்கு இயற்கை ஒரே ஒரு குறை வைத்திருக்கிறது. தன் இனத்தையே அடையாளம் தெரியாது. ஒரு தேர்தலன்று காலை என் மேஜைக்கு எதிரே, விதைத் தொப்பி போட்ட ஒருவரும் விதைத் தொப்பி போட்ட ஒரு பெண்மணியும் சந்தித்துக்கொண்டார்கள்.

“அம்மா, உங்கள மாதிரி விவசாயக் குடும்பங்களுக்கு எங்க தலைவர விட்டா நாதியில்ல.”

“நானும் அதையேதான் உங்ககிட்ட சொல்லவந்தேன் சார். உங்க மண்ணுக்கு எங்க தலைவர்தான் சரி.”

இவர் அவரை மாற்றப் பார்க்கிறார், அவர் இவரை மாற்றப் பார்க்கிறார். ஒருவர் டென்னசி, மற்றவர் ஜார்ஜியா. இரண்டு பேர் கட்டைவிரலும் முஷ்டிக்குள். வெயில் ஏறி, இரண்டு பேர் மூக்கும் சிவந்து, கடைசியில் அந்த அம்மாள், “நாளைக்கு எங்க ஊருக்குத் திரும்பிடுவேன், அதுக்குள்ள யோசிங்க” என்றபோதுதான் குட்டு உடைந்தது. இரண்டு பேரும் ஏதோ பொருளைத் தொலைத்தவர்கள்போல ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள்.

டென்னசிக்காரரின் பெயர் ராண்டல் பக்னர். போட்டியில் இருந்த கவர்னர் கெல்சோவின் ஆள். கெல்சோ கூடாரம் என் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. அன்று கெல்சோவுக்கு மூன்றாவது இடம் கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ராண்டல் ஒரு வார லீவு போட்டு, மனைவியின் பிறந்தநாளை விட்டுவிட்டு வந்திருந்தார். ஓர் உள்ளூர்க் குடும்பத்தையாவது உள்ளே அனுப்பாமல் ஊர் திரும்பமாட்டேன் என்று பஸ்ஸில் சத்தியம் செய்திருந்தாராம். காலையில் அந்த பஸ் நின்றதும், கூட்டத்தை அழைத்துவந்த தலைவி படிக்கட்டில் நின்று போதித்ததையும் கேட்டேன்.

“இந்த ஊர்க்காரங்க ரொம்ப மரியாதையானவங்க. யார் கேட்டாலும் ‘ஆமா, உங்க ஆளுக்குத்தான்’னு சொல்லிடுவாங்க. அந்த ஆமாவ நம்பிடாதீங்க! மேல மேல பேசுங்க!”

ராண்டல் தலையை ஆட்டி ஆட்டி அதை மனப்பாடம் செய்துகொண்டார்.

மூன்று மணி வாக்கில் ஒரு குடும்பம் கெல்சோ கூடாரத்துக்கு வந்து, சீட்டு வாங்கிக்கொண்டு, நிழலில் உட்கார்ந்தது. பெரியவர் வெர்லின் ஹோஃப்ஸ்ட்ரா, மனைவி ஆர்டித், இரண்டு மகன்கள், ஒரு மருமகள். ஐந்து ஓட்டு. ராண்டல் அதைப் பார்த்த பார்வையை, மழைக்காக ஏங்கும் குடியானவன் கண்ணில்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

“ஐயா, யாருக்குப் போடறதா உத்தேசம்?”

“கெல்சோவுக்குத்தான்” என்றார் வெர்லின்.

ராண்டலின் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. *அந்த ஆமாவ நம்பிடாதீங்க.* நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்படிச் சொல்லிட்டா எப்படிங்கய்யா? பதினோரு அம்சத் திட்டத்த முழுசாக் கேட்டுட்டீங்களா?”

“படிச்சேன்.”

“படிக்கிறது வேற, புரியறது வேற. முதல் அம்சம் வரி…”

வரி முடிந்தது. ஆற்றுநீர் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் வெர்லின், “ஆமா, சரிதான்” என்றார். ஒவ்வோர் ஆமாவுக்கும் ராண்டலின் பீதி ஒரு படி ஏறியது. இவ்வளவு மரியாதையான மனிதர் கட்டாயம் வேறு யாருக்கோ போடப்போகிறார்!

நான்காவது அம்சத்தின் முடிவில் வெர்லின் இரண்டு உள்ளங்கைகளாலும் தன் முழங்கால்களைப் பட்டென்று தட்டி, “சரி, அப்புறம்…” என்றார்.

எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அது விடைபெறுவது. முழங்காலைத் தட்டிவிட்டால் எதிரே இருப்பவர் எழுந்து வழிவிட வேண்டும். அதற்குமேல் வாயைத் திறந்து ‘கிளம்பறேன்’ என்று சொல்வது எங்களுக்கு முகத்தில் அடிப்பது மாதிரி. ஒருவர் பேச்சின் நடுவே எழுந்து போவதோ, கேட்கவே வேண்டாம். ஆனால் டென்னசியில் முழங்காலைத் தட்டினால் அது பேச்சை ரசித்ததற்கு அடையாளம் போலும். ராண்டல் குளிர்ந்துபோனார்.

“பிடிச்சிருக்கில்ல? அஞ்சாவது இன்னும் பிரமாதம்!”

“சார்,” என்றார் ஆர்டித் மெதுவாக, “நாங்க ஓட்டுப் போட்டுட்டு வந்து மிச்சத்தக் கேக்கறோமே?”

“இருங்கம்மா. அரைகுறையா முடிவெடுத்துட்டு அப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாது பாருங்க.”

ஆறு. ஏழு. பெரிய மகன் முழங்காலைத் தட்டினான். சின்ன மகன் தட்டினான். மருமகள்கூடத் தட்டினாள். ராண்டல் இப்படி ஒரு சபையை வாழ்நாளில் கண்டதில்லை. எட்டாவது அம்சத்தில் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய சிவப்புக் கொட்டகை. அதன் சுவர் முழுக்க வெள்ளைப் பெயின்ட்டில் ‘கெல்சோ’. முன்னால் பஸ் கூட்டம், நடுவில் உயர்த்திய முஷ்டியோடு ராண்டல்.

“பாருங்கய்யா, காலைல வர்ற வழியில எடுத்தது. இவரும் உங்கள மாதிரி ஒரு விவசாயிதான். எவ்வளவு உறுதி இருந்தா கொட்டகையிலேயே எழுதுவார்! உங்களுக்கு அந்த உறுதி வரணும்.”

வெர்லின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆர்டித்துக்கு ஜூஸ் புரையேறியது.

“நல்ல கொட்டகை” என்றார் வெர்லின்.

அந்த நேரத்தில்தான் ஒலிபெருக்கியில் ஓட்டுக்கான கடைசி அழைப்பு வந்தது. வந்தது என்று எனக்குத் தெரியும், நான் அதன் அடியில் இருந்தேன். கெல்சோ கூடாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் டென்னசி பஸ் மொத்தமும் நாற்காலிமேல் ஏறி, “கெல்சோ! கெல்சோ!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

பதினோராவது அம்சமும் முடிந்தது. ராண்டல் வெற்றிப் பெருமிதத்தோடு ஐந்து பேரையும் வாசலுக்குக் கூட்டிவந்தார். கதவு சாத்தியிருந்தது. காவலுக்கு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

“நாலு அடிச்சாச்சு சார்.”

“இப்பத்தானே அடிச்சது! அஞ்சு ஓட்டும்மா! நானே பேசிக் கொண்டுவந்தது!”

“என் பையன் வந்து நின்னாலும் திறக்கமாட்டேன்.”

“பரவால்ல விடுங்க,” என்றார் வெர்லின், “உள்ள இருக்கறவங்க பார்த்துக்குவாங்க.”

ராண்டல் விடவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கிண்ணத்தைப் பார்த்தார். முஷ்டி திறந்தது. அன்று முதல் தடவையாக அந்தக் கட்டைவிரல் வெளியே வந்தது. வெளுத்து, ஈரமாக, ஓட்டை விட்டு வந்த நத்தைபோல.

“தம்பி, என் விரல்லயாவது வைப்பா. ஏதாவது ஒண்ணு கணக்குல சேரட்டும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. கிண்ணத்தை மூடினேன்.

மூன்றே மூன்று ஓட்டு வித்தியாசத்தில் கெல்சோவுக்கு நான்காவது இடம். திங்கட்கிழமை போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அன்று மாலை பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ராண்டல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது இது: “அயோவாக்காரன் கழுத்தறுத்துட்டான். வாய்ல ஆமா, மனசுல இல்ல. நமக்கு முதல்லயே சொன்னாங்களே!”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சம்மதம் சொன்ன ஆளைச் சம்மதிக்க வைக்க நீங்கள் கடைசியாக எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள்? நேற்று ராத்திரி கைப்பேசியில் எந்தத் தேசத்துத் தேர்தலுக்காக யாரோடு பல்லைக் கடித்தீர்கள்? உங்கள் தெருவின் வார்டு உறுப்பினர் பெயர் என்ன? தெரியவில்லையென்றால் அவசரமில்லை. குனிந்து வலது கையை மட்டும் பாருங்கள். கட்டைவிரல் எங்கே இருக்கிறது?

நான் இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் போகும்போது அந்தச் சிவப்புக் கொட்டகை வந்தது. ஏணிமேல் ஒருவர் நின்று பெயர்மேல் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு எழுத்து மறைந்துவிட்டது. வண்டியை நிறுத்தினேன். ஏணியிலிருந்தவர் திரும்பினார். வெர்லின் ஹோஃப்ஸ்ட்ரா.

“இது உங்க கொட்டகையா?”

“ஆமா. மார்ச்சுல எழுதினேன்.”

“அன்னிக்கு அவர் படம் காட்டினாரே, அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?”

வெர்லின் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்து, வழிகிற சாயத்தை விளிம்பில் நிதானமாக வழித்தார்.

“அவர் பேசிக்கிட்டிருந்தாரேப்பா.”