எஞ்சினை விட்டு இறங்கிய லாரி

எல்-ஒபெய்த் ஊர்க் கோந்துச் சந்தை மேட்டில் பாபிகிரின் லாரி மூன்றாவது முறை இருமியபோது கிளம்பிய புகையில் பதினோரு வெள்ளை ஆடுகள் கறுத்துப்போயின. எந்த ஆடு யாருடையது என்ற சண்டை சாயங்கால அஸர் தொழுகை வரை ஓடியது. லாரி மட்டும் ஓடவில்லை. நாற்பது பேர் தள்ளி, அதை வேப்பமரத்தடியில், கல்தூமாவின் டீக்கடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ஹாஜி, மாத்திடுங்க. இது எஞ்சின் இல்ல, செங்கல் சூளை," என்றார் கிஸ்மல்லா.

கிஸ்மல்லாவும் லாரிக்காரர்தான். இரண்டு பேருடைய அப்பாக்களும் ஒரே நாளில், ஒரே மாடலில், ஆளுக்கொரு லாரி வாங்கியவர்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால், பாபிகிர் ஹஜ்ஜுக்குப் போயிருந்த சமயம், கிஸ்மல்லா தன் பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பூட்டிக்கொண்டார். திரும்பி வந்த பாபிகிர் கண்டது: வேப்பமரத்தடியில் ஒரு துருப்பிடித்த எஞ்சின் பிளாக், அதன்மேல் கல்தூமாவின் கரியடுப்பு. அன்றிலிருந்து அந்த பிளாக்கின்மேல் இளக்காரமாகச் செருப்புக் காலைத் தூக்கிப் போடாமல் அவருக்கு டீ இறங்குவதில்லை.

இப்போதும் போட்டார்.

"யோவ், பெத்த அப்பன் வாங்குன எஞ்சினை டீ கொதிக்க வச்ச ஆளு நீ. நீ எனக்குப் புத்தி சொல்றியா?"

"என்னோடது டீயாவது கொதிக்க வைக்குது ஹாஜி. உங்களோடது ஆட்டுக்குச் சாயம் போடுது."

சந்தை முழுக்கச் சிரித்தது. கோந்து மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பாபிகிரின் தலைப்பாகை ஒரு சுற்று தானாகவே அவிழ்ந்தது.

எங்கள் ஊரில் விருந்தாளி இன்னொரு துண்டு கறி சாப்பிட வேண்டும் என்பதற்கே ஆண்கள் தலாக்கின்மேல் சத்தியம் செய்துவிடுவார்கள். ஊரில் பாதிக் கல்யாணங்கள் எவனோ ஒருவன் முக்கி முக்கித் தின்ற கறித்துண்டால் பிழைத்திருப்பவை. பாபிகிர் எழுந்து நின்று, ரயில் நிலையம் வரைக்கும் கேட்கிற மாதிரி முழங்கினார்:

"எங்கப்பா பூட்டுன எஞ்சின் இந்த லாரியை விட்டு இறங்குச்சுன்னா, என் பொண்டாட்டி பத்தூலுக்குத் தலாக்!"

சந்தை கப்பென்று அடங்கியது. ஆடுகள்கூட வாயை மூடிக்கொண்டன.

அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பத்தூல் வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒம்பது பிள்ளை பெத்திருக்கேன். இப்ப நான் நாலு நட்டுல தொங்குறேனா?"

"ஆறு நட்டு," என்றார் பாபிகிர்.

"அந்த லாரி ஓடுற வரைக்கும் இந்த வீட்டுல உங்களுக்கு அடுப்பு எரியாது," என்று கதவைச் சாத்தினாள்.

ஆகவே அன்று மாலையே மெக்கானிக் வரவழைக்கப்பட்டான். ஊரில் நல்ல மெக்கானிக் ஒருவன்தான்: பத்தூலின் தம்பி தைஃபூர். லாரிக்கு அடியில் போனவன், வெளியே வரும்போது முகத்தில் ஒரு கிலோ கரியோடு வந்தான்.

"பிஸ்டன் தேஞ்சுபோச்சு மச்சான். பழசையே பிரிச்சு வேலை பாத்தாலும் சரி, வேற எஞ்சின் போட்டாலும் சரி, எப்படியும் இறக்கித்தான் ஆகணும். இறக்கிடுவோம். எங்கக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. என் பொறுப்பு."

"உன் பொறுப்பா? நீ என்ன ஃபகீயா, மார்க்கத் தீர்ப்புச் சொல்ல?"

"இல்ல மச்சான்... எனக்கென்னமோ தோணுது. இந்தத் தலாக் செல்லாதுன்னு."

"தோணுதாம்ல! ஹஜ்ஜுக்குப் போறப்ப உன்னை நம்பிச் சாவியைக் குடுத்தேன். வந்து பாத்தா பம்பர்ல கீறல். மறந்துட்டியா?"

தைஃபூர் மறக்கவில்லை. அந்த ஒரு கீறலுக்காக பாபிகிர் ஸ்டார்ட்டிங் ராடோடு அவனைத் துரத்தியதில், இருவரும் அடுத்த ஊரையும் தாண்டிப் போய், திரும்பி வர ரயிலேற வேண்டியதாயிற்று. தைஃபூர் வேறு எதையோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

பள்ளிவாசல் ஃபகீ சன்ஹூரி பொறுமைசாலி. முழுக்கதையையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"கோவத்துல, வீம்புக்குச் சொன்னதுதானேப்பா? பத்தூலை விடணும்னு மனசுல நினைக்கலையே? அப்ப எல்லார் முன்னாடியும் 'சும்மா சொன்னேன்'னு சொல்லிட்டு, பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு. சத்தியம் கழிஞ்சுது."

"எல்லார் முன்னாடியும்னா... கிஸ்மல்லா முன்னாடியுமா?"

"அவரும் மனுஷன்தானே."

"அது நடக்காது ஃபகீ! நான் மனசாரத்தான் சொன்னேன்!"

"அப்ப எஞ்சின் இறங்கக் கூடாது," என்று ஃபகீ மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சரி, எஞ்சின் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அடியிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. லாரிக்குக் கீழே ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். எங்கள் ஊர் மண்ணோ சல்லடையில் சலித்த மாதிரி மணல். தைஃபூர் உள்ளே இறங்கி முதல் நட்டைத் தொட்டதும் குழி சரிந்தது. லாரியின் முன்சக்கரம் உள்ளே போனது. வேப்பமரத்து வேர் ரேடியேட்டரின் வயிற்றைக் கிழித்தது. தைஃபூரின் இரண்டு பாதங்கள் மட்டும் மேலே தெரிந்தன. பதினைந்து பேர் பிடித்து இழுத்ததில் ஆள் வந்தான், கால்சட்டை வரவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

பத்தூல் விசாரிக்க வந்தாள். "இறங்கிடுச்சா?"

"லாரி இறங்கியிருக்கு. எஞ்சின் இறங்கல," என்றார் பாபிகிர்.

மூன்று நாள் கல்தூமாவின் டீயிலும் கடலையிலும் மட்டும் ஓட்டியதில் பாபிகிரின் மூளை படு கூர்மையாகியிருந்தது. நாலாம் நாள் துள்ளிக் குதித்து எழுந்தார்.

"எஞ்சின்தானே லாரியை விட்டு இறங்கக் கூடாது? லாரி எஞ்சினை விட்டு இறங்கட்டும்!"

லாரியைக் குழியிலிருந்து இழுத்து அப்பால் நிறுத்துவது, எஞ்சினுக்கு அடியில் செங்கல் அடுக்குவது, ஆறு நட்டையும் கழற்றுவது, பிறகு எஞ்சினை ஆடாமல் அசையாமல் விட்டுவிட்டு லாரியைத் தூக்கிக்கொண்டு போவது என்று திட்டம். ஃபகீயை அழைத்து வந்தார்கள்.

"நான் பள்ளிவாசலை விட்டு வெளிய போனா, பள்ளிவாசல் என்னை விட்டுப் போச்சுன்னு சொல்ல முடியாது," என்றார் ஃபகீ யோசனையோடு. "செல்லும்னுதான் படுது."

"அப்படியா ஃபகீ?" பத்தூல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "லாரி எஞ்சினை விட்டுப் போலாம்னா, நான் இவரை விட்டுப் போகவும் வழி இருக்குன்னு அர்த்தமா?"

ஃபகீ அவசரமாக வானத்தைப் பார்த்து, தொழுகை நேரம் ஆகிவிட்டது என்றார். ஆகியிருக்கவில்லை.

"இதெல்லாம் எதுக்கு மச்சான்?" என்று தைஃபூர் கெஞ்சினான். "செயின் போட்டு எஞ்சினைத் தூக்கிடறேனே. அக்காவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதியே தர்றேன்."

"அக்கா குடும்பம் நாசமாப் போகணும்னு நினைக்கிற தம்பியை இன்னைக்குத்தான் பாக்கறேன்!"

அறுபது பேர் சேர்ந்தார்கள். மரப்பலகை, மேற்கூடு, பானெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லித் தூக்கினார்கள். லாரி எழுந்தது. கூடவே எஞ்சினும் எழுந்தது. ஏதோ ஒரு ஒயரைக் கழற்ற மறந்திருந்தார்கள்.

"நிறுத்து! இறக்காதே!" என்று அலறினார் பாபிகிர். "ஏத்தாதே!" என்றும் அலறினார்.

அறுபது பேரும் லாரியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஃபகீயின் வாயைப் பார்த்தபடி நின்றார்கள்.

"எவ்வளவு எழும்பியிருக்கு?"

"ஒரு சாண் ஃபகீ! சீக்கிரம் சொல்லுங்க, எனக்குத் தும்மல் வருது!"

"லாரியோட சேர்ந்துதானே எழும்பியிருக்கு? அப்பப் பிரியல. மெதுவா ஒயரை வெட்டுங்க."

வெட்டினார்கள். எஞ்சின் அலுங்காமல் செங்கல்மேல் உட்கார்ந்தது. ஊரே குலவையிட்டது. அந்தச் சந்தோஷத்தில் லாரியை இருபது அடி தூக்கிப் போய், பழைய குழியை மறந்து, சரியாக அதற்குள் வைத்தார்கள். அச்சு இரண்டாக முறிந்தது.

அதைப் பற்றிக் கவலைப்படக்கூட நேரமில்லை. தைஃபூர் எஞ்சினைத் திறந்து துடைத்தான். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கிஸ்மல்லா மட்டும் கொஞ்சம் அதிக நேரம் குனிந்து பார்த்து, பக்கவாட்டில் இருந்த வெல்டிங் தழும்பைத் தடவினார்.

"எங்கயோ பாத்த முகமா இருக்கு," என்றார்.

"கண்ணு வைக்காதய்யா!" என்று பாபிகிர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

ஆனால் கண் ஏற்கெனவே பட்டிருந்தது. பிளாக்கின் நடுவில் மூன்று விரல் நீளத்துக்கு விரிசல்.

"முடிஞ்சுது மச்சான்," என்றான் தைஃபூர். "இதைப் பிரிச்சு வேலை பாத்துப் பிரயோசனம் இல்ல. வேற எஞ்சின்தான் போடணும்."

அதாவது லாரி இந்த எஞ்சினிடம் திரும்பி வரப்போவதே இல்லை. யார் யாரை விட்டு இறங்கினார்கள் என்று இனி எந்த ஃபகீயாலும் புரட்டிப் பேச முடியாது.

பாபிகிர் வீட்டுக்கு நடந்தார். பத்தூல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வந்தபோது கொண்டுவந்த அதே பச்சைத் துணியில் கட்டியது. பாபிகிர் அதைப் பார்த்தார். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எஞ்சினா, நானா?" என்றாள்.

"நீதான்."

"இதைச் சொல்றதுக்கு லாரியைப் பிரிச்சுப் போடணுமா?"

"எனக்குப் பிரிச்சுப் போட்டாத்தான் புரியுது," என்றார் பாபிகிர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்க்காத மாதிரி மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள். "போங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. கிஸ்மல்லா முன்னாடி."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஊரே வேப்பமரத்தடியில் கூடியது. பாபிகிர் நடுவில் நின்று, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, கொசு ரீங்காரம் மாதிரி சொன்னார்: "நான் மனசாரச் சொல்லல. வீம்புக்குச் சொன்னேன்."

"ஹாஜி, கொஞ்சம் சத்தமா," என்றார் கிஸ்மல்லா. "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"வீம்புக்குச் சொன்னேன்யா! எனக்கு எஞ்சினை விட என் பொண்டாட்டிதான் பெருசு! போதுமா?"

இது ரயில் நிலையத்துக்குக் கேட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த குலவையில் பத்தூலின் குரல்தான் உயரம்.

இருந்ததிலேயே கொழுத்த செம்மறிக்கிடா அறுக்கப்பட்டது. பத்து ஏழைகளுக்கு என்று சமைத்ததற்கு, லாரி தூக்கிய அறுபது பேரும் தாங்கள்தான் அந்தப் பத்து ஏழைகள் என்று வந்து உட்கார்ந்தார்கள். கிஸ்மல்லா முதல் ஆளாகக் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். இன்னொரு துண்டு வைத்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். பாபிகிர் சத்தியம் செய்ய வாயைத் திறந்தார். பத்தூல் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, அடுப்புக்கு அடியிலிருந்த பிளாக்கின்மேல் வழக்கம்போல் செருப்புக் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். கல்தூமா டீயை நீட்டினாள். செங்கல்மேல் விரிசலோடு கிடந்த எஞ்சினைப் பார்த்து பாபிகிர் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"என்ன செய்யறது கல்தூமா. எங்கப்பா எஞ்சின் இன்னையோட லாரியை விட்டுப் பிரியுது."

கல்தூமாவின் கை பாதியில் நின்றது. அவளுக்குப் பின்னால் தைஃபூர், வாய் நிறையக் கறியோடு, கண்ணாலும் புருவத்தாலும் இரண்டு கைகளாலும் ஜாடை காட்டினான். கல்தூமாவுக்கு ஜாடை எல்லாம் புரியாது.

"என்ன ஹாஜி, புதுசா சொல்றீங்க? அங்க விரிசல் விட்டுக் கிடக்கறது கிஸ்மல்லா அண்ணன் கழட்டிப் போட்டதாச்சே! நீங்க ஹஜ்ஜுல இருந்தப்போ உங்க லாரியில எண்ணெய் ஊத்தாம கல்யாண ஊர்வலம் ஓட்டி, எஞ்சின் இறுகிப்போக, அண்ணனோடதை அதுல மாத்திப் போட்டுட்டு, உங்கப்பாவோடதைத் தைஃபூர் தம்பிதான் எனக்கு அடுப்புக்குக் குடுத்தாரு. நீங்களும் பாசத்துலதான் தினம் அதைத் தேடி வந்து கால் போட்டு உக்கார்றீங்கன்னுல்ல நினைச்சேன்!"